எந்த ஆய்வுக் குழுவில் சேர்வது? (கடிதம்)

மதிப்பிற்குரிய ஐயா,

இயற்பியலில் முதுகலை முடித்து, நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்கும் தகுதி பெற்றிருக்கிறேன். தாழ்வெப்பநிலை இயற்பியலில் இரண்டு குழுக்களிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. ஒருவர் பெயர்பெற்ற மூத்த பேராசிரியர். அவர் குழுவில் பதினான்கு பேர். மற்றவர் பணியில் சேர்ந்து மூன்று ஆண்டுகளே ஆனவர். அவரிடம் நான் இரண்டாவது மாணவி. வீட்டில் எல்லோரும் பெரிய பெயரைப் பிடித்துக்கொள் என்கிறார்கள். தலைப்புகள் இரண்டுமே எனக்குப் பிடித்தவை. எதை வைத்து முடிவெடுப்பது?

பெயர் வெளியிட விரும்பாத மாணவி, திருநெல்வேலி

அன்புள்ள மாணவிக்கு,

தலைப்புகள் இரண்டும் பிடித்திருப்பதால் அந்தக் கேள்வி தீர்ந்துவிட்டது. இனிப் பார்க்க வேண்டியது அங்கிருக்கும் நான்காம் ஆண்டு மாணவரை. அவர் இன்று எப்படி இருக்கிறாரோ அப்படித்தான் சில ஆண்டுகளில் நீங்களும் இருப்பீர்கள். பேராசிரியர் இல்லாத நேரத்தில் அவருடன் தேநீர் குடியுங்கள். கடைசியாக எப்போது நெறியாளருடன் உட்கார்ந்து தரவைப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். பதிலைவிட, பதில் சொல்லுமுன் அவர் எவ்வளவு நேரம் யோசிக்கிறார் என்பது முக்கியம்.

நானும் தாழ்வெப்பநிலைச் சோதனையில்தான் பட்டம் பெற்றேன். முதல் ஆண்டில் எங்கள் கிரையோஸ்டாட்டில், அதாவது மாதிரியைக் குளிர்நிலையில் வைத்திருக்கும் வெற்றிடக் கலத்தில், ஒரு கசிவு. மூடியின் இணைப்பைக் காற்றுப் புகாமல் அடைக்க, மென்மையான உலோகமான இண்டியத்தின் கம்பியை வளையமாகச் சுற்றி, முனைகளை ஒன்றன்மேல் ஒன்று படியவிட்டு, எதிரெதிர்த் திருகுகளை மாற்றி மாற்றி முடுக்குவோம். அறை வெப்பநிலையில் வெற்றிடம் நன்றாக நிற்கும். திரவ நைட்ரஜனில் 77 கெல்வினுக்கு இறக்கியதும் கசிவு தலைகாட்டும். மீண்டும் அறை வெப்பநிலைக்கு வந்தால் மறைந்துவிடும். மூன்று மாதம் வளையத்தை மாற்றிக்கொண்டே இருந்தேன். என் நெறியாளர் பெரிய பெயர். பெரும்பாலும் பயணத்தில் இருப்பார். ஒரு மூத்த மாணவர்தான் ஒரு நாள் இரவு வந்து, குற்றம் வளையத்தில் இல்லை, நுண்குழாயின் பற்றவைப்பில் இருக்கிறது என்று காட்டினார். அவருக்கு அதைச் சொல்லித்தந்தவர் அவருக்கு முந்தைய மாணவர். பெரிய குழுவில் கிடைக்கும் உண்மையான சொத்து இந்தக் கைவழி அறிவுதான். சிறிய குழுவில் அது இருக்காது. அங்கே நெறியாளரே உங்கள் பக்கத்தில் ஸ்பானரோடு நிற்க வேண்டும்.

அடுத்து, இரு குழுக்களின் கடைசிப் பத்துக் கட்டுரைகளை, ஆய்வுக் கட்டுரைகளை இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் ஆர்க்சிவ் (arXiv) தளத்தில் எடுத்து, ஆசிரியர் பட்டியலில் முதலில் வரும் பெயர் மாணவருடையதா, முனைவர் பட்டத்துக்குப் பின் வந்தவருடையதா என்று பாருங்கள். (இந்த அளவுகோல் உங்கள் துறைக்குத்தான் பொருந்தும். துகள் இயற்பியலில், ஹிக்ஸ் துகளின் நிறையை அளவிட்ட 2015ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். அங்கே முதற்பெயர் அகரவரிசை தந்த அதிர்ஷ்டம்.) மூத்தவரிடம் பட்டம் பெற்றவர்களின் ஆய்வேடுகள், இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவிலோ அந்நிறுவனத்தின் சொந்தக் களஞ்சியத்திலோ கிடைக்கும். ஒருவர் சேர்ந்த ஆண்டுக்கும் ஆய்வேட்டைச் சமர்ப்பித்த ஆண்டுக்கும் உள்ள இடைவெளியைக் கணக்கிடுங்கள். நன்றியுரைப் பக்கத்தையும் விடாதீர்கள். நெறியாளருக்கு ஒரு வரியும் பட்டறைக்காரருக்கு ஒரு பத்தியும் இருந்தால், அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

பணத்தைப் பற்றிக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். 2023 முதல் இந்த உதவித்தொகை முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய்; மொத்தம் 5 ஆண்டுகள்தான். சோதனை ஆய்வுகள் ஆறாம் ஆண்டுக்குள் நுழைவது இயல்பு. அந்த ஆறாம் ஆண்டில் முந்தைய மாணவர்களுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதை மூத்தவரிடம் நேரடியாகவே கேட்கலாம்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இளையவரிடம்தான் போவேன். மூன்றாண்டு ஆனவருக்கு உங்கள் ஆய்வேடு தன் எதிர்காலத்தின் ஒரு பகுதி. கசிவு தேடும் இரவில் அவர் வீட்டில் இருக்க மாட்டார். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. கருவி ஆய்வகத்தில் வந்து இறங்கியிருக்க வேண்டும். ஒப்பந்தப்புள்ளி, கொள்முதல் குழு, சுங்கம் என்று அது இன்னும் கோப்பிலேயே இருந்தால், உங்கள் முதல் இரண்டு ஆண்டுகள் அந்தக் கோப்போடு போய்விடும். ஆகவே நேரில் போகும்போது ஆய்வகத்தைத் திறந்துகாட்டச் சொல்லுங்கள். கடைசியாக அதை 4 கெல்வினுக்குக் குளிர்வித்த தேதி எது என்று கேட்டு, பதிவேட்டில் அந்தப் பக்கத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள்.