பிறப்புச் சான்றிதழில் 'பிராக்கெட் ஹால்' என்று இருந்தால் பெரிய இடத்துப் பிள்ளையா?

கேள்வி: என் மாமனார் கிழக்கு லண்டன்காரர், சாதாரணத் தொழிலாளர் குடும்பம். ஆனால் 1942-ல் ஹாட்ஃபீல்ட் பக்கம் பிராக்கெட் ஹால் என்ற பிரபு மாளிகையில் பிறந்ததாகச் சான்றிதழ் சொல்கிறது. பதிவில் பிழையா, ஏதாவது குடும்ப ரகசியமா?

இரண்டும் இல்லை. தயவுசெய்து அவருடைய அம்மாவைப் பற்றிக் கதை கட்ட வேண்டாம். லண்டன் சிட்டி ரோட்டில் இருந்த சிட்டி ஆஃப் லண்டன் பிரசவ மருத்துவமனையே இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் அந்த மாளிகைக்கு மாற்றப்பட்டது. அங்கே 8,000-க்கும் மேல் குழந்தைகள் பிறந்தன. இதேபோல் லண்டன் கிளாப்டனில் சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு நடத்திய பிரசவ மருத்துவமனை டெர்பிஷையரின் வில்லர்ஸ்லி கோட்டைக்குப் போனது. வசதியானவர்களுக்கும் பிரசவ இல்லங்கள் இருந்தனவே என்று யாராவது வருவார்கள். இருந்தன. ஃபுல்மர் சேஸ் என்ற இல்லம் ராணுவ அதிகாரிகளின் மனைவியருக்கானது. பிராக்கெட்டுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் குண்டுவீச்சுக்குப் பயந்து வெளியேற்றப்பட்ட சாதாரண லண்டன் பெண்கள்.

கர்ப்பிணியைக் கடைசி மாதத்தில் நகரத்திலிருந்து கூட்டிப்போய் அக்கம்பக்கத்து விடுதியிலோ வீட்டிலோ தங்கவைப்பார்கள். வலி கண்டதும் மாளிகைக்கு. பிரசவமானபின் பத்துப் பதினான்கு நாள் படுக்கை, அதுதான் அன்றைய வழக்கம். கணவர் பெரும்பாலும் படையில் இருப்பார், கூடமாட உதவத் தாய்வீட்டு ஆளும் பக்கத்தில் இருக்காது. அதுதான் அந்தப் பெண்களுக்குப் பெரிய கஷ்டம்.

பட்டு மெத்தையைக் கற்பனை செய்யாதீர்கள். விருந்துக்கூடம் பெரிதாக இருக்கும். ஆனால் வார்டுக்கு வேண்டியது வெந்நீர், கழிப்பறை, பெட்பேன் கழுவ ஓர் இடம். பிரபு வீடுகளில் குறைவாக இருந்தவை இவைதான். சமையலறை தொலைவில், படுக்கையறைகள் மாடியில். அத்தனை நிலக்கரியும் தண்ணீரும் ஆள் சுமந்துதான் மேலே போகவேண்டும். எதிரி விமானத்துக்கு வெளிச்சம் தெரியாமலிருக்க இரவில் ஜன்னல்களைக் கனத்த திரையால் மூடினால் காற்றோட்டம் நின்றுவிடும். வலி குறைக்க மின்னிட் வாயுக் கருவி இருந்தது. 1936 முதல் மருத்துவச்சியே அதைக் கொடுக்கலாம், ஆனால் அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். பயிற்சி பெற்றவர் இல்லாத இடத்தில் கருவி இருந்தும் பயனில்லை.

விஷவாயுத் தாக்குதலுக்குப் பயந்து குழந்தைக்கு வாயுக்கவசமும் உண்டு. குழந்தையைத் தலையிலிருந்து இடுப்புவரை உள்ளே நுழைத்துக் கட்டிவிட்டு, அம்மா கைத்துருத்தியால் காற்றடித்துக்கொண்டே இருக்கவேண்டும். கை நின்றால் உள்ளே காற்று போகாது.

இனி சான்றிதழுக்கு வருவோம். சுருக்கச் சான்றிதழ் போதாது, பெற்றோர் விவரமே அதில் இராது. முழுச் சான்றிதழ் வாங்குங்கள். முதல் கட்டத்தில் மாளிகையின் பெயர் இருக்கும். ஏழாம் கட்டத்தில், பதிவு செய்தவரின் முகவரியாக, லண்டன் வீட்டைத் தேடுங்கள். ஆறாம் கட்டத்தில் அப்பாவின் தொழில். படையில் இருந்திருந்தால் அங்கேயே படை எண்ணும் பதவியும், அடைப்புக்குறிக்குள் பழைய தொழிலும் கிடைக்கக்கூடும். குடும்பத்தைத் தேடுபவருக்கு அந்த எண் பெரிய பிடிமானம்.

காலாண்டு வாரியாக உள்ள பிறப்புப் பதிவு அட்டவணையில் பெயர் கிடைக்கவில்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். காரணம், லண்டன் மாவட்டங்களிலேயே தேடுவது. பிறந்த இடத்தின் மாவட்டத்தில்தான் பதிவாகும். காலாண்டும் பிறந்த தேதிப்படி அல்ல, பதிவான தேதிப்படி. 42 நாள் அவகாசம் இருந்ததால் மார்ச்சில் பிறந்தவர் ஜூனில் முடியும் காலாண்டில் இருக்கலாம். 1939 பதிவேட்டில் தேடிப் பயனில்லை, அது அந்தச் செப்டம்பர் 29-ல் உயிரோடு இருந்தவர்களின் கணக்கு. மருத்துவமனை ஆவணங்கள் லண்டன் ஆவணக் காப்பகத்தில் (The London Archives, முன்பு London Metropolitan Archives) உள்ளன, ஆனால் நோயாளிகளின் குறிப்புகள் நூறு ஆண்டுக்கு மூடப்பட்டிருக்கும்.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மெல்போர்ன், பாமர்ஸ்டன் என்று இரண்டு பிரிட்டிஷ் பிரதமர்கள் பிராக்கெட் ஹாலில் இறந்ததை எல்லோரும் எழுதுகிறார்கள். அங்கே இரவும் பகலும் உழைத்த மருத்துவச்சிகளின் பெயரை எழுத ஆளில்லை. உங்கள் மாமனாரிடம் அம்மா சொன்ன ஏதாவது ஒரு நர்ஸ் பெயர் நினைவிருந்தால், இப்போதே கேட்டு எழுதி வையுங்கள்.