மனநலம்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: எனக்கு 34 வயது. பெரம்பூரில் அம்மாவுடன் வசிக்கிறேன். மூன்று ஆண்டுகளாக எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து சாப்பிடுகிறேன். வீட்டில் யாருக்கும் தெரியாது. உடம்பு நன்றாகவே இருக்கிறது. ஆனால் இரவில் மாத்திரையை எடுக்கும்போது மனம் கனத்துவிடுகிறது. அக்கா குடும்பத்தோடு வந்து தங்கினால் விட்டுவிடுகிறேன். சென்ற மாதம் ஆறு நாள் விட்டுப்போயிற்று. மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் மீதியை எண்ணுவார்களே என்று பயந்து அந்த ஆறு மாத்திரைகளையும் குப்பையில் போட்டுவிட்டேன். எனக்கு ஏன் இந்த அலட்சியம்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்: அலட்சியம் என்ற சொல்லை நான் ஏற்கவில்லை. அலட்சியக்காரர் விட்டுப்போன நாட்களை எண்ணி வைத்திருக்கமாட்டார். உடம்பில் தொந்தரவு எதுவும் இல்லாதபோது, நோய் இருப்பதை நாள்தோறும் நினைவூட்டுவது அந்த ஒரு மாத்திரைதான். ஆகவே அதைத் தள்ளிவைக்கும் இரவில் நோயையே தள்ளிவைத்தது போன்ற ஆறுதல் மனத்துக்குக் கிடைக்கிறது. மறுநாள் அதுவே குற்ற உணர்வாகி, அதை மூட இன்னொரு மறைப்பு தேவைப்படுகிறது. மாத்திரையைவிட இந்த மறைப்புதான் உங்களைக் களைப்படையச் செய்கிறது.

நாட்டிலேயே முதன்முதலாக 1986-இல் சென்னையில் இந்தக் கிருமித்தொற்று கண்டறியப்பட்டபோது எழுந்த அச்சம் நம் வீடுகளைவிட்டு இன்னும் முழுமையாகப் போகவில்லை. மருத்துவமோ வெகுதூரம் வந்துவிட்டது. தாம்பரம் சானடோரியம் மருத்துவமனை உள்பட சில அரசு மருத்துவமனைகளில் 2004-இல் இலவசக் கூட்டு மருந்து தொடங்கியது. இன்று பெரும்பாலோருக்கு நாளுக்கு ஒரு மாத்திரை போதும். அதை ஒழுங்காக எடுத்து, இரத்தத்தில் கிருமியின் அளவு கண்டறிய முடியாத நிலையிலேயே நீடிப்பவரிடமிருந்து உடலுறவின் வழியே அது பிறருக்குப் பரவுவதில்லை. மாத்திரையைக் கையில் எடுக்கும்போது இதையும் சேர்த்து நினையுங்கள்.

தூக்கக் குறைவும் எதிலும் நாட்டமின்மையும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கின்றனவா என்று பாருங்கள். மனச்சோர்வு உள்ளவர்களே மாத்திரையை அதிகம் தவறவிடுகிறார்கள் என்பது பல நாடுகளின் ஆய்வுகளில் தெரிந்தது. அதற்குத் தனியே நல்ல சிகிச்சை உண்டு.

இரவு நேரம்தான் வேண்டும் என்பதில்லை. வேலைக்குப் புறப்படும் வேளைக்கு மாற்றலாமா என்று மையத்தில் கேளுங்கள். மறந்துவிட்டால் நினைவு வந்ததும் போட்டுக்கொள்ளலாம். ஒரே வேளையில் இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. நம்பிக்கையான ஒருவரிடமாவது விஷயத்தைச் சொல்ல முடிந்தால் பாரம் குறையும். அவர் அம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உங்கள் சம்மதமின்றி மையத்தார் வீட்டுக்குத் தெரிவிக்க 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் இடம் தரவில்லை. மனம் தாங்காத நேரத்தில் 1097 என்ற கட்டணமில்லா எச்.ஐ.வி. உதவி எண்ணை அழையுங்கள்.

குப்பையில் போட்டதை மட்டும் ஆலோசகரிடம் மறைக்காதீர்கள். எல்லா மாத்திரைகளையும் நீங்கள் சாப்பிட்டதாக மருத்துவர் நம்பியிருக்கையில் பரிசோதனையில் கிருமியின் அளவு கூடித் தெரிந்தால், மருந்தே பலிக்கவில்லை என்று எண்ணி அதை மாற்ற நேரிடலாம். அடுத்த முறை, மீதி எத்தனை இருந்தாலும் டப்பாவோடு அப்படியே கொண்டுபோய்க் கொடுங்கள்.