எச்சிலில் ஹோர்மோன் பார்க்க 30,000 ரூபாய் கட்டலாமா?

கேள்வி: எனக்கு வயது 41. ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். ஆறேழு மாதமாக ஒரே களைப்பு, காலையில் எழும்பவே ஏலாது. உடம்பு போடுகிறது, முடி கொட்டுகிறது, மாதவிடாய் முன்னே பின்னே வருகிறது. எங்கள் லயத்துக்குச் சத்துத் தூள் விற்க வரும் அக்கா ஒருவர், "ஹோர்மோன் குழம்பிப் போச்சு. நாலு குப்பியில துப்பிக் குடுத்தா வெளிநாட்டு லேப்புக்கு அனுப்பி எல்லாத்தையும் பார்க்கலாம், ஊசியே குத்தத் தேவையில்லை" என்கிறார். 30,000 ரூபாயாம். வட்டிக்கு எடுத்தாவது கட்டலாமா?

பதில்: வேண்டாம், சகோதரி. வட்டிக்கு எடுத்தும் வேண்டாம், கையில் காசு இருந்தாலும் வேண்டாம்.

எச்சிலில் ஹோர்மோன் இருப்பது பொய்யல்ல. அந்த அக்கா சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை உண்டு, அதனால்தான் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். அட்ரினல் என்ற சுரப்பி (சிறுநீரகத்தின் மேல் இருப்பது) சுரக்கும் கோர்ட்டிசோல் போன்ற ஹோர்மோன்களில் பெரும்பகுதி இரத்தத்தில் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஒட்டாமல் தனியாக இருக்கும் சிறு பங்குதான் எச்சிலுக்குள் கசியும். தேத்தண்ணி வடிகட்டியில் சாயம் இறங்கும், தூள் மேலேயே நிற்கும் அல்லவா? கோர்ட்டிசோல் போன்ற சின்ன ஹோர்மோன்கள் இறங்கிவிடும். கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பியைப் பார்க்க வைத்தியர்கள் நாங்கள் அளக்கும் டி.எஸ்.எச். பெரிய புரதம், அது இறங்காது. களைப்பு, உடம்பு போடுவது, முடி கொட்டுவது, மாதவிடாய்க் குழப்பம் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எந்த வைத்தியருக்கும் முதலில் வரும் சந்தேகம் தைரொயிட்தான். அதைச் சொல்லத் தெரியாத பரிசோதனைக்கா 30,000?

மாதவிடாயை நடத்தும் ஹோர்மோன்களான ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டரோன் இரண்டும் எச்சிலில் மிகமிகச் சொற்பம். அதோடு உங்கள் வயதில் அவை நாளுக்கு நாள் ஏறி இறங்கும். ஒரு நாள் துப்பிய எச்சிலின் கணக்கை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. முரசில் கொஞ்சம் இரத்தம் கசிந்தாலே அளவு கூடிவிடும். பஞ்சைக் கடித்து எச்சில் எடுத்தால் அந்தப் பஞ்சே சில ஹோர்மோன்களின் அளவைக் கூட்டிக் காட்டும். பல் துலக்கிய கையோடு, வெற்றிலை போட்ட வாயோடு, சாயத்தண்ணி குடித்த கையோடு துப்பினால் அதுவும் கெட்டது. இதையெல்லாம் அந்த அக்கா சொன்னாரா?

சொல்லமாட்டார். அந்த ரிப்போட்டைக் கையில் வாங்கிப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று தெரியும். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று கோடுகள். எப்போதும் ஏதோ இரண்டு சிவப்பில் நிற்கும். கீழே "அட்ரினல் களைப்பு" என்று ஒரு நோயின் பெயர். ஹோர்மோன் நோய் நிபுணர்கள் அப்படி ஒரு நோயை ஏற்பதில்லை. அடுத்த பக்கத்தைப் புரட்டினால் மூன்று மாதத்துக்குக் குடிக்க வேண்டிய தூளின் பட்டியல். பரிசோதனையை விற்பவரே மருந்தையும் விற்றால், "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று ஒரு ரிப்போட் எப்படி வரும்?

இனி நியாயத்துக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். எச்சில் பரிசோதனை உண்மையாகவே பயன்படும் நோய் ஒன்று உண்டு, அது குஷிங் சின்ட்ரோம். உடம்பில் கோர்ட்டிசோல் அளவுக்கு மிஞ்சிப் போகும் நிலை. முகம் சந்திரன் போல் உருண்டு, வயிற்றில் விரல் அகலத்துக்கு ஊதா நிறக் கோடுகள் விழுந்து, இலேசாகத் தட்டுப்பட்டாலும் கன்றிப்போய், குந்தி இருந்தால் கையூன்றாமல் எழும்ப முடியாமல், கூடவே பிரஷரும் சீனியும் ஏறியிருந்தால் நாங்கள் இதைச் சந்தேகிப்போம். கோர்ட்டிசோல் காலையில் உச்சத்தில் இருந்து, நள்ளிரவில் அடிமட்டத்துக்கு இறங்க வேண்டும். குஷிங்கில் அது இறங்காது. அதனால் இரவு 11 மணிக்கும் 12 மணிக்கும் இடையில் வீட்டிலேயே எச்சில் எடுக்கச் சொல்வோம், ஒரு நாள் அல்ல, குறைந்தது இரண்டு இரவுகள்.

அதிலும் எத்தனை நிபந்தனை பாருங்கள். பெக்டரியில் இரவு ஷிப்ட் செய்பவருக்கு இது சரிவராது, அவர் உடம்பின் கடிகாரமே மாறியிருக்கும். புகையிலை வைத்து வெற்றிலை போடுபவருக்கும், அதிமதுரம் போட்ட கசாயம் குடிப்பவருக்கும் அளவு பொய்யாகக் கூடலாம். ஸ்டீரொயிட் (கோர்ட்டிசோல் போல வேலை செய்யும் மருந்து) கிரீம் பூசிய கையால் குப்பியைத் தொட்டாலே போதும், ரிப்போட் கெட்டுவிடும். இவ்வளவு பார்த்து எடுத்தாலும் அதை மட்டும் வைத்து முடிவு கட்டுவதில்லை. இரவில் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை கொடுத்து மறுநாள் காலை இரத்தம் எடுப்பதும், 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்துப் பார்ப்பதும் உண்டு. எதை எடுப்பது என்பது நிபுணரின் தீர்மானம். நீங்கள் எழுதிய குறிகளில் குஷிங்கைத் தனியாகக் காட்டுவது எதுவும் இல்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன்: முகம் வெளுக்க என்று ஏதாவது கிரீம் பூசுகிறீர்களா? மூட்டுவலிக்கு என்று பெயர் எழுதாத பொட்டலத்தில் குளிசை வாங்கிச் சாப்பிடுகிறீர்களா? மலையகத்து டவுன் கடைகளில் இவை தாராளமாகக் கிடைக்கின்றன. இப்படிப்பட்ட கிரீம்களிலும் குளிசைகளிலும் ஸ்டீரொயிட் கலந்திருப்பது உண்டு. மாதக்கணக்கில் பாவித்தால் குஷிங் சின்ட்ரோமையே கொண்டுவந்து விடலாம். அப்படி எதையாவது நீண்ட நாள் பாவித்திருந்தால் பயந்துபோய் ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள், அது இன்னும் ஆபத்து. வைத்தியரிடம் காட்டிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

உங்களுக்கு வேண்டியவை சாதாரண இரத்தப் பரிசோதனைகள்: டி.எஸ்.எச்., இரத்தச்சோகை பார்க்க எஃப்.பி.சி., வெறும் வயிற்றில் சீனி. அதற்கும் முன், மாதவிடாய் தள்ளிப் போவதால் கர்ப்பப் பரிசோதனை. சிரிக்காதீர்கள், 41 வயதில் அதை மறந்துவிட்டு மற்றதையெல்லாம் தேடியவர்கள் இருக்கிறார்கள். முடிக்கு என்று பயோட்டின் என்ற விட்டமின் கலந்த குளிசை எடுத்தால் இரண்டு நாளுக்கு முன்பே நிறுத்திவிட்டு இரத்தம் கொடுங்கள், அது தைரொயிட் ரிப்போட்டைக் குழப்பும். இரத்தச்சோகை என்று வந்து இரும்புச்சத்துக் குளிசை தந்தால் தேத்தண்ணியோடு விழுங்க வேண்டாம். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிப்பதையும் ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள், அது இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது.

35 வயது கடந்த பெண்களுக்கென்றே வெல் வுமன் கிளினிக் எனப்படும் சுகவனிதையர் கிளினிக் 1996 முதல் நாட்டில் நடக்கிறது, இலவசமாக. உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடம் கேட்டால் எந்த நாள் என்று சொல்வார். மேற்கொண்டு டிக்கோயா ஆஸ்பத்திரிக்கோ நுவரெலியாவுக்கோ துண்டு தருவார்கள்.

போனதும் எல்லாம் சுமுகமாக நடந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. சில நாள் "மருந்து முடிஞ்சிருச்சு, இந்த டெஸ்டை வெளியில எடுத்துட்டு வாங்க" என்பார்கள். ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போகும், பஸ் காசு போகும். ஹோர்மோன் நிபுணரைப் பார்க்க வேண்டி வந்தால் கண்டிக்கு அனுப்பக்கூடும், திகதி எப்போது கிடைக்குமோ. ரிப்போட் ஆங்கிலத்தில், விளக்கம் சிங்களத்தில். அந்த அக்கா மட்டும் வாசலுக்கே வந்து, தமிழில், அரை மணி நேரம் பொறுமையாகக் கேட்கிறார். அவருடைய மூலதனமே அதுதான். அந்த அரை மணி நேரத்தை ஆஸ்பத்திரியில் நம் சனத்துக்குத் தமிழில் கொடுத்திருந்தால் இந்தக் குப்பி வியாபாரம் தோட்டத்துக்குள் நுழைந்திருக்காது. மேலிடத்தில் இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

டி.எஸ்.எச்.சை வெளியில் எடுக்க வேண்டி வந்தாலும் 30,000 ரூபாயின் சிறு பகுதிதான் செலவாகும். தனியார் லேப்புகள் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி பதிந்திருக்க வேண்டும். சான்றிதழ் எங்கே என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

அந்த அக்காவிடம் முற்பணம் கொடுத்திருந்தால் லேப்பின் பெயரையும் விலாசத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள். தரவில்லையென்றால் காசைத் திருப்பிக் கேளுங்கள். கிளினிக்குக்குப் போகும் நாளில் இதுவரை வாங்கிய தூள், குளிசை, முகக் கிரீம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள், லேபல் இல்லாததையும் சேர்த்து.