கூப்பிட்டா வராத கருப்பன்

கேள்வி: எங்க வீட்ல 7 மாச சிப்பிப்பாறை நாய் இருக்கான், பேரு கருப்பன். கேட்ட தொறந்தா பறந்துடுறான், எவ்ளோ கத்துனாலும் வரமாட்டேங்குறான். அரைமணி நேரம் கழிச்சு அவனா வந்ததும் எங்க வீட்டுக்காரர் ரெண்டு போட்டு கட்டி வைக்கிறார். இப்பல்லாம் வாசல் வரைக்கும் வந்துட்டு கைக்கு எட்டாம நிக்கிறான். தீனி குடுத்து பழக்கலாம்னா, அப்புறம் தீனி இல்லாம எதுவும் செய்யமாட்டான்னு சொல்றார். என்ன பண்றது?
- வாசகி, கோவில்பட்டி

பதில்: மொதல்ல அந்த அடிய நிறுத்துங்கம்மா. ஓடுனதுக்கு அடிக்கிறோம்னு நீங்க நெனைக்கிறீங்க, அவன் கணக்குல அது வீட்டுக்கு திரும்பி வந்ததுக்கு விழுற அடி, நாய்க்கு அந்த நேரத்துல நடக்குறத வெச்சுத்தான் புரியும். கைக்கு எட்டாம நிக்கிறான்னு படிச்சதும் மனசே கேக்கல, வரணும்னு ஆசையும் இருக்கு பயமும் இருக்கு பாவம்.

சிப்பிப்பாறை முயல் வேட்டைக்கு வளர்த்த இனம், ஏதாவது ஓடுறத கண்ணுல பாத்துட்டா காது கேக்காத மாதிரி தான் போகும், அதனால தெருவுல ஆரம்பிக்காதீங்க, வீட்டுக்குள்ள ஆரம்பிங்க. "வா"ங்கற வார்த்தையில பயம் ஏறிடுச்சு, "ஓடியா"ன்னு புதுசா ஒண்ணு வெச்சுக்கோங்க. உப்பு மசாலா போடாம கோழிக்கறி வேகவெச்சு பட்டாணி சைஸுக்கு பிச்சு கையிலயே வெச்சுக்கோங்க. ஒரே தடவ கூப்பிடுங்க, உங்க பக்கம் திரும்புன அந்த செகண்டே "சபாஷ்டா கருப்பா"ன்னு வாய் நெறைய சொல்லுங்க, வந்து சேந்ததும் ஒரு துண்டு. லேட் பண்ணக்கூடாது, நீங்க டப்பாவ தேடுற நேரத்துல அவன் குரைச்சு, அப்ப துண்டு குடுத்தீங்கன்னா குரைக்கத்தான் கத்துக்குவான். 5 நிமிஷம் போதும், ஒரு நாளைக்கு ரெண்டு மூணு வாட்டி.

அப்புறம் மைதானத்துல 30 அடி கயிறு, கழுத்துல வேணாம், நெஞ்சு பெல்ட்ல மாட்டுங்க, அவன் ஓடுற வேகத்துக்கு கழுத்து தாங்காது. வந்தா தீனி குடுத்துட்டு மறுபடி வெளையாட விடுங்க, வந்தாலே கட்டிடுவாங்கன்னு நெனைக்கக்கூடாதுல்ல.

தீனி பத்தி கவலைப்படாதீங்க, நல்லா பழகுனப்புறம் நாலு தடவைக்கு ஒரு தடவ, சில நேரம் ரெண்டாவதுலயேன்னு மாத்தி மாத்தி குடுங்க, பாராட்டு மட்டும் எப்பவும் உண்டு. அன்னைக்கு சாப்பாட்டுல பத்துல ஒரு பங்குக்கு மேல தீனி போகவேணாம். சாக்லேட், திராட்சை, வெங்காயம் பக்கமே போகாதீங்க, அதெல்லாம் நாய்க்கு விஷம்.

மொத வாரம் தீனிய உங்க வீட்டுக்காரரே குடுக்கட்டும். தரையில உக்காந்து, ஒரு கையால கழுத்துப் பட்டைய லேசா தொட்டுக்கிட்டே இன்னொரு கையால ஊட்டணும், அந்தக் கைய பாத்து தானே இப்ப தள்ளி நிக்கிறான்.