கோடையில காஞ்சுபோன கார்த்திகைப்பூச் செடி மாரியில எப்பிடித் திரும்ப முளைக்குது?

இது பல்லாண்டுச் செடி, அதாவது ஒருக்கா நட்டா வருசா வருசம் தானே திரும்ப வாற வகை. வன்னியில மே தொடங்கி செப்டம்பர் மட்டும் மழை நல்லாக் குறைவு, கச்சான் காத்து வேற அடிச்சு மண்ணை வறுத்தெடுக்கும், அந்த நேரம் இலை இருந்தா அதுக்குள்ளால தண்ணி ஆவியாப் போய்க்கொண்டே இருக்கும், அதால செடி கொடியைக் காயவிட்டிட்டு மண்ணுக்குள்ள கிழங்கா உறங்கிக் கிடக்கும். உயிர் முழுக்க அந்தக் கிழங்கிலதான். காலபோக நெல்லை மூட்டை கட்டி வச்சு கோடை முழுக்கச் சாப்பிடுறமெல்லோ, அதே மாதிரித்தான், மாரியில இலை செய்த மாச்சத்தைக் கிழங்கு சேர்த்து வைக்குது, ஒக்டோபர் மழையில மண் நனைய அதை எடுத்துத்தான் புது முளை விடுது, நவம்பர்ல பூக்குது. என்னைக் கேட்டா வீட்டு வேலியில கட்டாயம் நிக்கவேண்டிய செடி. ஆனா கிழங்கில கொல்சிசின் எண்ட கடும் நஞ்சு இருக்கு, சின்னப்பிள்ளையள், ஆடுமாடு கவனம்!

கன பேர் கொடி காஞ்சோடன செத்துப்போச்செண்டு பிடுங்கி எறியினம், இல்லாட்டி பாவமெண்டு ஒவ்வொரு நாளும் தண்ணி ஊத்தினம், அப்பிடி ஊத்தினா உறங்குற கிழங்கு அழுகித்தான் போகும், மழை வரும் மட்டும் சும்மா விடுங்கோ.