ஒரு வாரம் வடிகஞ்சியில் ஊறவைத்தும் புது வார்ப்பிரும்புக் கல்லில் தோசை ஒட்டுகிறதே, ஏன்?

கஞ்சி கல்லைச் சுத்தம்தான் செய்யும், பழக்காது. கஞ்சியோடு நிறுத்திவிட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

பட்டறையிலிருந்து வரும் கல்லில் கரித்தூளும் மேலோட்டமான துருவும் இருக்கும். வடிகஞ்சி புளிக்கப் புளிக்க, அதிலுள்ள லேசான அமிலம் இவற்றை இளக்கிவிடும். தினமும் கஞ்சியை மாற்றினால் இரண்டு நாள் போதும். ஒரு வாரம் போட்டுவைத்தால் வெற்று இரும்பு மறுபடியும் துருப்பிடிக்கத்தான் செய்யும். முன்பே பழக்கிய கல் என்று அட்டையில் அச்சிட்டிருந்தால் கஞ்சிப் பக்கமே போக வேண்டாம். காசு கொடுத்து வாங்கிய எண்ணெய்ப் படலத்தை நாமே கெடுத்துக்கொள்வோம்.

கல்லைப் பழக்குவது எண்ணெயும் சூடும்தான். மெல்லியதாகத் தடவிய எண்ணெய், நல்ல சூட்டில் காற்றோடு சேர்ந்து இறுகி, இரும்பைப் பிடித்துக்கொள்ளும் கறுப்புப் படலமாகிறது. நாம் சறுக்குவது அந்த ‘மெல்லியதாக’ என்பதில். என் முதல் கல்லில் நல்லெண்ணெயைக் கரண்டி கரண்டியாக ஊற்றி, இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் அடுப்பேற்றினேன். கிடைத்தது பலாப்பிசின். விரலை வைத்தால் விரல் ஒட்டியது. தோசைத் திருப்பியால் சுரண்டியே ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

ஆகவே, கல்லைக் கழுவி, ஈரம் வற்றும்வரை மிதமான தீயில் வைத்து, இறக்குங்கள். அரை ஸ்பூன் எண்ணெயை இருபுறமும் விளிம்பிலும் தேயுங்கள். பிறகு வேறொரு பழைய வேட்டித் துணியால் அழுத்தித் துடையுங்கள். மினுமினுப்புத் தெரிந்தால் எண்ணெய் கூடுதல். ஜன்னலைத் திறந்துவிட்டு, புகை கிளம்பி அடங்கும்வரை காய்ச்சி, ஆறவிடுங்கள். இப்படி நாலைந்து முறை செய்தால் சாம்பல் நிறம் போய்க் கறுப்பு ஏறும். முதல் சில நாட்கள் மெல்லிய தோசைக்கு ஆசைப்படாமல் அடையும் ஊத்தப்பமும் தாராளமாக எண்ணெய் விட்டுச் சுடுங்கள். அப்போதும் ஒன்றிரண்டு பிய்ந்து வரும். காக்கைக்கும் பசிக்குமே.

பழகிய கல்லிலும் தோசை ஒட்டுகிறதென்றால் சூட்டைக் கவனியுங்கள். தண்ணீர் தெளித்தால் துளி உருண்டு ஓடி மறைய வேண்டும். அப்படியே கிடந்து கொதித்தால் கல் இன்னும் காயவில்லை. வார்ப்பிரும்பு மெதுவாகத்தான் சூடேறும், ஏறியது எளிதில் இறங்காது. மூன்றாவது தோசை சரியாக வந்து ஆறாவது கருகுவது அதனால்தான். இடையிடையே தீயைக் குறைக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த மாவை அப்படியே ஊற்றுவதும் வம்பு. என் அம்மா பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி, எண்ணெயில் தொட்டு, ஒவ்வொரு தோசைக்கு முன்னும் கல்லில் ஒரு சுற்றுச் சுற்றுவார். எண்ணெயைச் சீராகப் பரப்ப அதைவிட நல்ல கருவியை நான் பார்த்ததில்லை.

தோசைக்கல்லில் சப்பாத்தி போடக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னது வெறும் சாஸ்திரம் இல்லை. எண்ணெய் விடாத வறண்ட சூட்டில் படலம் எரிந்துபோகிறது, சிந்திய மாவும் கருகிப் பிடித்துக்கொள்கிறது. சப்பாத்திக்குத் தனிக் கல் வைத்துக்கொள்ளுங்கள். இரும்புச் சட்டியில் புளிக்குழம்பு கொதிக்கவிட்டாலும் படலம் அரிக்கும், குழம்பு கறுத்து இரும்பு வாடை அடிக்கும்.

தினமும் சோப்பு தேவையில்லை. வெந்நீரும் தேங்காய் நாரும் போதும். எப்போதாவது துளி சோப்பு பட்டால் குடி முழுகிவிடாது, இறுகிய படலம் அதற்கெல்லாம் கரையாது. ஈரத்தோடு கவிழ்த்துவைப்பதுதான் கெடுதல். கழுவியதும் அடுப்பில் ஒரு நிமிடம் காயவைத்து, எண்ணெய்த் துணியால் ஒற்றிவிடுங்கள். மழைக்காலத்தில் ஒரு மாதம் ஊருக்குப் போய்த் திரும்பியபோது என் கல் செங்கல் நிறத்தில் இருந்தது. கல்லுப்பும் நாரும் போட்டுத் தேய்த்து, மேலே சொன்னபடி மூன்று முறை பழக்கியதும் மீண்டுவிட்டது.

துருவிலிருந்து மீளும், விரிசலிலிருந்து மீளாது. வார்ப்பிரும்பில் கரி அதிகம், ஏறக்குறைய 2 முதல் 4 சதவீதம். அதனால் அது வளையாது, உடையும். ஒரு காலை அவசரத்தில் கொதிக்கும் கல்லைக் குழாயடியில் காட்டினேன். ‘டங்’ என்று ஒரே சத்தம். விளிம்பிலிருந்து நடுவரை ஒரு முடிக்கோடு. அதன் வழியே எண்ணெய் கசிந்து தீயில் சொட்ட ஆரம்பித்தது. இன்டக்‌ஷன் அடுப்பில் எடுத்த எடுப்பிலேயே முழுச் சூடு வைத்தாலும் இந்த ஆபத்து உண்டு. குறைவில் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள்.

அந்த விரிசல் கல்லை நான் தூக்கிப் போடவில்லை. பிரியாணிக்குத் தம் போடும்போது பாத்திரத்துக்கு அடியில் அதைத்தான் வைக்கிறேன்.