விழா வேண்டாம் என்கிற தலைவியை எப்படிப் பாராட்டுவது?

கேள்வி: முல்லைத்தீவு மாவட்டத்தில் மீள்குடியேறிய ஒரு கிராமத்தின் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் நான் செயலாளர். எங்கள் தலைவி அக்கா 2011 முதல் ஒரு சதமும் வாங்காமல் சங்கத்தை நடத்தி வருகிறார். 2009இல் அவருடைய கணவர் காணாமற்போனார். பிள்ளைகளைத் தனியாகவே வளர்த்தார். ஆளுக்கு ஆயிரம் ரூபாய் சேர்த்துத் தங்கச் சங்கிலி போட வேண்டும் என்று அங்கத்தவர்களில் ஒரு பகுதியினரும், சர்வதேச தொண்டர் தினத்தன்று அரசியல்வாதி ஒருவரை அழைத்துப் பெரிய விழா எடுக்க வேண்டும் என்று இன்னொரு பகுதியினரும் சொல்கிறார்கள். அக்காவோ 'எனக்கு ஒண்டும் வேண்டாம்' என்கிறார். நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: எங்கள் ஊர்களில் 'உங்களுக்கு விழா எடுக்கப் போகிறோம்' என்று நேரே கேட்டால் எவரும் சம்மதிப்பதில்லை, ஆகவே அந்த 'வேண்டாம்' வெறும் அடக்கமாகவும் இருக்கலாம், சொல்ல விரும்பாத காரணம் ஒன்றை மறைப்பதாகவும் இருக்கலாம். இரண்டில் எது என்பதை அறியாமல் மண்டபத்தை ஒழுங்கு செய்யாதீர்கள். அவருடன் நெருக்கமாகப் பழகும் மூத்த அங்கத்தவர் ஒருவர் தனியே சென்று, என்ன வேண்டும் என்று கேட்காமல், எது நடந்தால் அவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று கேட்கட்டும். விருப்பத்தைச் சொல்லக் கூச்சப்படுகிறவர்களும் சங்கடத்தைப் பெரும்பாலும் தயங்காமல் சொல்லிவிடுவார்கள்.

என் கருத்தில், அவர் செய்த வேலைகளை ஆண்டும் இடமும் குறிப்பிட்டு எழுதி, பொதுக்கூட்டத்தில் தீர்மானமாக நிறைவேற்றிச் சங்கத்தின் கூட்ட அறிக்கைப் புத்தகத்தில் பதிவதே பாராட்டின் உயிர். பொன்னாடை, மாலை, கேடயம் எல்லாம் அதன்மேல் வருபவை. வாழ்த்து மடல்களில் வழக்கமாக அச்சாகும் 'தன்னலமற்ற சேவையாளர்', 'அர்ப்பணிப்பின் சிகரம்' போன்ற தொடர்கள் பெயரை மாற்றினால் எவருக்கும் பொருந்தும். அதனாலேயே அவை எவரையும் பாராட்டுவதில்லை. மாறாக, எந்த உள்வீதிக்கு எந்த ஆண்டில் சிரமதானம் ஒழுங்கு செய்தார், 2018 டிசம்பர் வெள்ளத்தில் இடம்பெயர்ந்தவர்களுக்குச் சமைத்த உணவுக்கு அரிசியும் விறகும் எங்கே திரட்டினார், முன்பள்ளிக்குக் கூரை போடுவதற்காகப் பிரதேச செயலகத்துக்கு எத்தனை கடிதம் எழுதினார் என்பவற்றைக் கூட்ட அறிக்கைகள், பற்றுச்சீட்டுகள், கடிதப் பிரதிகள் ஆகியவற்றைப் பார்த்துத் தொகுக்க வேண்டும். தொடக்க ஆண்டுகளின் புத்தகங்கள் கிடைக்காவிட்டால், அப்போது நிர்வாகத்தில் இருந்தவர்களை ஒன்றாக இருத்திக் கேளுங்கள். ஒருவர் மறந்ததை மற்றவர் எடுத்துக் கொடுப்பார். இரண்டு பக்கங்களுக்கு மேற்பட வேண்டியதில்லை. ஒவ்வொரு வேலையிலும் அவருடன் நின்றவர்களின் பெயர்களையும் சேர்த்துவிடுங்கள், ஏனெனில் 'நான் தனியச் செய்யவில்லை' என்பதே பெரும்பாலும் இத்தகையவர்களின் முதல் மறுப்பாக இருக்கும். நிர்வாகத்தினருடன் கிராம அலுவலரும் கிராம அபிவிருத்தி உத்தியோகத்தரும் ஒப்பமிட்டால், அந்த மடல் சுவரில் தொங்குவதோடு நின்றுவிடாமல், நாளை எங்காவது அவருடைய சேவைக்குச் சான்று கேட்கப்படும்போது ஆவணமாகவும் பயன்படும்.

இனி, நீங்கள் கேட்காவிட்டாலும் உங்கள் கடிதத்தில் இருக்கின்ற மிகக் கடினமான பகுதி ஒன்று உண்டு. அவருடைய கணவர் காணாமற்போனவர். வன்னியில் நடக்கும் பாராட்டு விழாக்களில் பேச்சாளர் ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்ததும், சபையை உருக்க வேண்டும் என்ற எண்ணத்தில், 'கணவனை இழந்த பின்பும் கலங்காமல்' என்று தொடங்கிவிடுவது அரிதன்று. கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலின் முன்பாக 2017 பெப்ரவரி 20ஆம் திகதி காணாமற்போனவர்களின் உறவினர்கள் தொடங்கிய போராட்டம், தங்களுடையவர்களுக்கு என்ன நடந்தது என்ற ஒரே கேள்வியைத்தான் கேட்டது. அந்தக் கேள்வி முடியாத வீட்டில் வாழ்கிற ஒருவரைச் சபை நடுவே விதவை என்று சொல்வது பாராட்டு ஆகாது. அவர் தாமாகவே ஏற்புரையில் கணவரைக் குறிப்பிட விரும்பினால் அது அவருடைய உரிமை. மற்றெவரும், வாழ்த்து மடல் எழுதுகிறவர் உட்பட, அவருடைய இழப்பைப் பேச்சுக்குப் பொருளாக்கக் கூடாது என்பதைப் பேச்சாளர்களுக்கு முன்கூட்டியே, ஒளிவுமறைவின்றிச் சொல்லிவையுங்கள். அவர் பாராட்டப்படுவது பட்ட துன்பத்துக்காக அல்ல, செய்த வேலைக்காக.

இதனோடு சேர்ந்ததுதான் மங்கல விளக்கும் வரவேற்பில் நீட்டப்படும் குங்குமமும். கணவர் இல்லாத பெண்ணை விளக்கேற்ற அழைப்பதா என்று எவராவது முணுமுணுக்கக்கூடும். அந்த முணுமுணுப்பு விழா நாளில் எழுந்தால் அவர் பின்வரிசைக்கு ஒதுங்கிப் போவதை நீங்கள் கையைப் பிசைந்துகொண்டு பார்த்திருக்க வேண்டி வரும். முதற்சுடரை அவரே ஏற்றுவார் என்பதை நிகழ்ச்சி நிரலில் அச்சிட்டுவிடுங்கள். அதற்கு முன்னர் அவருடைய விருப்பத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். குங்குமத்தையும் சந்தனத்தையும் தட்டில் வைத்து, எடுப்பவர் எடுக்கட்டும் என்று விட்டாலே போதும்.

தங்கச் சங்கிலி யோசனையைக் கைவிடச் சொல்வேன். ஆளுக்கு ஆயிரம் என்று ஒரு தொகையை வரையறுத்துவிட்டால் அது அன்பளிப்பாக இராது, வரியாகிவிடும். நுண்கடன் தவணைக்கு நாள் எண்ணும் குடும்பங்கள் உள்ள கிராமத்தில், இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டு ஒருத்தி கைமாற்று வாங்கிக் கொடுத்தாள் என்று பின்னர் தெரிய வந்தால், அந்தச் சங்கிலியை உங்கள் அக்கா கழுத்தில் போடவே மாட்டார். விரும்பியவர் விரும்பியதை மூடிய உண்டியலில் இடலாம், பெயர்ப்பட்டியல் வாசிக்கப்படாது என்று முடிவு செய்யுங்கள். சங்க நிதியிலிருந்து எதையாவது செலவிட எண்ணினால், சங்கத்தின் யாப்பு விதிகள் அதற்கு இடமளிக்கின்றனவா என்று பார்த்துப் பொதுக்கூட்டத் தீர்மானம் எடுத்த பின்பே வங்கியிலிருந்து பணத்தை எடுங்கள். இல்லாவிட்டால் கணக்காய்வில் பதில் சொல்ல வேண்டியவர் தலைவியாகிய அவரே.

திகதியைப் பொறுத்தவரை, ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1985இல் சர்வதேச தொண்டர் தினமாக அறிவித்த டிசம்பர் 5 கருத்தளவில் பொருத்தமானதே என்றாலும், வன்னிக்கு அது மாரியின் நடுக்காலம். 2018 வெள்ளம் டிசம்பர் பிற்பகுதியில் வந்தது. 2020இல் புரெவிப் புயல் டிசம்பர் 2ஆம் திகதி கிழக்குக் கரையைக் கடந்தது. அந்த நாட்களில் உங்கள் தலைவி மேடையில் இருக்கமாட்டார், நிவாரணப் பட்டியலோடு வீடு வீடாக நடந்துகொண்டிருப்பார். நவம்பர் இறுதி வாரமும் மே நடுப்பகுதியும் எங்கள் மக்களுக்கு நினைவுகூரும் நாட்கள். மாலை மரியாதைக்கு உரியவை அல்ல. காலபோக அறுவடை முடிந்து, நெல் விற்ற காசு கையில் இருக்கும் மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிறு பிற்பகல் வசதியாக இருக்கும். மார்ச் 8 பெண்கள் தினத்தைத் தவிர்ப்பது நல்லது, அன்று அலுவலர்களுக்குப் பல இடங்களில் நிகழ்ச்சி இருக்கும்.

அரசியல்வாதியை அழைத்தால் விழா அவருடையதாகிவிடும். அவர் வரும்வரை சபை காத்திருக்கும், மறுநாள் படத்தில் நடுவில் அவரே நிற்பார். அதைவிடச் சங்கத்தின் மிக மூத்த அங்கத்தவரான ஒரு அம்மா பொன்னாடை போர்த்தட்டும். அலுவலர்கள் ஐந்து நிமிடத்துக்கு மேற்படாமல் பேசட்டும்.

விழாவைக் காட்டிலும் அவருக்கு உதவக்கூடிய வேறொன்றும் உண்டு. தொலைபேசி ரீலோட், கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) போகும் பேருந்துக் கட்டணம், போட்டோப் பிரதி, வந்தவர்களுக்குத் தேநீர் என்று இத்தனை ஆண்டும் அவர் தம் கையிலிருந்து செலவழித்ததை எவரும் கணக்கெடுத்திருக்க மாட்டார்கள். தலைவி, செயலாளர், பொருளாளர் ஆகியோரின் போக்குவரத்துக்கும் தொடர்பாடலுக்கும் மாதாந்தம் ஒரு சிறு தொகையை, பற்றுச்சீட்டின் பேரில், சங்கமே கொடுக்கும் என்று அதே பொதுக்கூட்டத்தில் தீர்மானியுங்கள். அவருக்காக மட்டும் என்றால் மறுப்பார். பதவிக்காக என்றால் மறுக்க முடியாது.

அவரைச் சமாதான நீதவான் பதவிக்கு விண்ணப்பிக்கச் செய்யலாம் என்று எவராவது சொல்லக்கூடும். நீதி அமைச்சரால் வழங்கப்படும் அந்த நியமனம் மதிப்புக்குரியதே. ஆயினும் ஆவணம் உறுதிப்படுத்த வருவோர் பொழுது விடியுமுன்னே படலையில் நிற்பார்கள். ஓய்வு தேவைப்படும் ஒருவருக்கு இன்னொரு வேலையைப் பரிசாகக் கொடுக்கிறோமா என்று யோசித்து, முடிவை அவரிடமே விடுங்கள். நிர்வாகத் தெரிவு நடக்கும் கூட்டத்திலேயே பாராட்டையும் வைக்காதீர்கள். மாலை போட்டு அனுப்பிவிட்டார்கள் என்ற பேச்சு அன்றிரவே ஊரில் கிளம்பும்.

இவ்வளவுக்குப் பிறகும் அவர் மேடை வேண்டாம் என்றால், வற்புறுத்தாதீர்கள். வழமையான மாதாந்தக் கூட்டத்தில், முன்னைய கூட்ட அறிக்கை வாசிக்கப்பட்டதும் செயலாளராகிய நீங்கள் அந்த இரண்டு பக்கங்களையும் எழுந்து நின்று வாசித்து, ஒருவர் முன்மொழிய மற்றவர் வழிமொழியத் தீர்மானமாகப் பதிந்து, ஒப்பமிட்ட பிரதி ஒன்றை அவருக்கும் இன்னொன்றைப் பிரதேச செயலகத்திலுள்ள சங்கக் கோப்புக்கும் கொடுத்துவிட்டு, அடுத்த விடயத்துக்குப் போங்கள்.